உப்புப் பார்த்தீரா?

சமையல் வேலைக்கு வெளிநாடு போகிற தம்பிகள் என்னிடம் வந்து கேட்பதெல்லாம் ஒன்றுதான். என்ன கொண்டு போக வேண்டும்? புளி கிடைக்குமா, பெருங்காயம் கிடைக்குமா, ஊறுகாய் பாட்டிலை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களா? போன மாதம் ராஜபாளையத்திலிருந்து ஒருவன் வந்து அம்மிக்கல்லைக் கொண்டு போகலாமா என்று கேட்டான். கொண்டு போ, தலைக்கு வைத்துப் படுத்துக்கொள் என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறான். நடுநடுவே திருத்த வருகிறான், நான் விடுவதில்லை. மெதுவாகத்தான் சொல்வேன், சுற்றிச் சுற்றித்தான் வருவேன். அவசரமிருக்கிறவன் எழுந்து போகலாம். அவசரக்காரன் வைத்த சாம்பாரை நான் வேண்டிய மட்டும் குடித்துவிட்டேன்.

நான் தொழில் படித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்யாணச் சமையல். வீடு மடவார் வளாகத்தில், வேலையெல்லாம் ஆண்டாள் கோயிலோடு தொடர்புள்ள பெரிய வீடுகளில். அந்த வீடுகளுக்கு ஒரு கட்டு உண்டு. சமைத்தது முதலில் பெருமாளுக்குப் படையல், பிறகுதான் மனிதர்களுக்கு. படைப்பதற்கு முன்னால் எவன் நாக்கும் அதில் படக்கூடாது, சமைக்கிறவன் நாக்கு உட்பட. குனிந்து மோந்து பார்க்கக்கூடாது, வாசனை தானாக வந்தால் வரட்டும். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்தாலும் உப்புப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. கையளவு கல் உப்பு, கண்ணளவு புளி, நுரை அடங்குகிற விதம். அதோடு சரி.

எனக்குத் தொழில் கொடுத்த பெரியவர், எவனாவது கரண்டியை உள்ளங்கையில் கவிழ்த்து நக்கிவிட்டால் அவனை அடுப்படியை விட்டே விரட்டிவிடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றோ நான்கோ, நான் அரபு நாட்டுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை.

“போயிட்டு வா. ஆனா அங்கன போயி ஒரு தடவ நாக்குல வச்சுப் பாத்துட்டேன்னா, பொறவு இந்த வீடுகள்ல கரண்டியத் தொடாத. எனக்குத் தெரியாமப் போயிரும். ஒனக்குத் தெரியும்லா?”

சரி என்றேன். என் கணக்கு சாதாரணமானது. நாலு வருசம் அங்கே, பிறகு மறுபடியும் இந்த வீடுகள். இந்த வீடுகள் வேண்டுமென்றால் நாக்கை அடக்க வேண்டும். எனக்கா கஷ்டம்? பதினைந்து வருசமாக அடக்கிய நாக்கு.

அரபு நாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனி ஆள் ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வந்து தங்கியிருந்தான். பின்கட்டில் அடுப்பு மூட்டி, வந்திருந்த எட்டுப் பேரையும் சாம்பார் வைக்கச் சொன்னான். மற்ற ஏழு பேரும் நிமிசத்துக்கு ஒரு தரம் கரண்டியை நக்கினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கம்பெனி ஆள் என் சாம்பாரை இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு, நீ வாயில் வைக்கவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டான். அந்த ஆச்சரியம்தான் என்னைக் கெடுத்தது. விமானத்தில் ஏறும்போது பெரிய வித்தைக்காரன் என்ற நினைப்போடுதான் ஏறினேன். அந்த எட்டுப் பேரில் தேறிய இன்னொருவன் தேவதானத்துப் பேச்சிமுத்து. பம்பாய் மெஸ் ஒன்றில் வேலை பார்த்து இந்தி பழகியவன். சமையல் அரைகுறை, வாய் முழுசு.

போய் இறங்கிய இடத்தை ஊர் என்று நினைக்காதீர்கள். மணலில் வரிசையாகத் தகரக் கொட்டகை. ரோடு போடுகிற வேலைக்கு வந்த இருநூறு பேர், எல்லாம் நம்மவர்கள். நம்மவர்கள் என்றால் உடனே மனம் குளிரவேண்டாம். வந்த ஒரே வாரத்தில் ராஜபாளையம் ரூம், சிவகாசி ரூம், கோவில்பட்டி ரூம் என்று பிரித்துக்கொண்டார்கள். கடல் தாண்டி வந்து, பக்கத்து ரூம்காரன் சட்னியில் பூண்டு கூட என்று சண்டை போட்டவர்கள்.

அடுப்படிக்குள் செருப்போடு வந்தால் எங்கள் பெரியவர் அகப்பையாலேயே அடிப்பார். அங்கே ஷூ இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். நான் காலையில் அடுப்பைக் கும்பிட ஷூவைக் கழற்றுவேன், கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடேயே நிற்பேன். ஒரு நாள் கொதிக்கிற கஞ்சித் தண்ணீர் காலில் கொட்டியது. ஷூ எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவ்வளவு மந்தம் நான்.

இதைவிடப் பெரிய மந்தம் முதல் நாளே நடந்தது. அங்கே கல் உப்புக் கிடையாது, பொடி உப்பு. ஒரு கை கல் உப்பும் ஒரு கை பொடி உப்பும் ஒன்றல்ல என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொடி நெருக்கமாக அடையும், கை கொள்ளுகிற உப்பு கூடிவிடும். போதாததற்கு டேங்கர் லாரியில் வருகிற தண்ணீரே லேசாகக் கரிக்கும். நான் ஊர்க் கணக்கில் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டேன். நுரை அடங்கியது. மூடி போட்டு அனுப்பினேன்.

சோற்றுக்கு நின்ற வரிசை அப்படியே திரும்பி வந்தது. முன்னால் நின்றவன் தட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“அண்ணாச்சி, கடல் தண்ணிய அப்படியே மொண்டுட்டு வந்துட்டீரோ?”

“மீனு மட்டும்தாம்லே கொறையுது” என்றான் இன்னொருவன்.

அந்தச் சமையலறைக்குத் தலைவர் ஒரு சூடான் நாட்டுக்காரர். ஆறரை அடி உயரம். பெயர் என் வாயில் நுழையவில்லை, எல்லாரும் சீஃப் என்றே கூப்பிட்டோம். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்து, தொட்டியில் துப்பிவிட்டு, இந்தியில் என்னவோ கேட்டார்.

“நீரு வாயில வச்சுப் பாத்தீரான்னு கேக்காரு” என்றான் பேச்சிமுத்து.

“எங்க ஊர்ல பெருமாளுக்கு முன்னால நாங்க வாயில வைக்கிறதில்லன்னு சொல்லுலே.”

“இங்கன எந்தப் பெருமாளு அண்ணாச்சி லாரில ஏறி வேலைக்குப் போறாரு?”

“சொல்லுன்னா சொல்லு.”

சொன்னான். சீஃப் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நிதானமாகப் பதில் சொன்னார். பேச்சிமுத்து அதைத் தமிழில் சொன்னான்: “சமைச்சவன் தின்னாத சோத்த நான் எதுக்கு எரநூறு பேருக்குக் குடுக்கணும்ங்காரு. ஒரு வாரம் தவணை. பொறவும் வாயில வைக்கலன்னா பாத்திரம் கழுவப் போவணுமாம்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. மாட வீதி வீடுகளில் என் கையை நம்பி ஐந்நூறு இலை போட்டிருக்கிறார்கள், ஒரு சூடான்காரன் என்னைப் பாத்திரம் கழுவச் சொல்கிறானே என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வெயிலில் காலையில் வைத்தது மத்தியானத்துக்குள் கெட்டுப்போகும். நாங்கள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை அப்படிக் கெட்டு, ஆட்கள் வாந்தியெடுத்துப் படுத்திருக்கிறார்கள். அவருடைய கட்டு அதிலிருந்து வந்தது. என் கட்டு எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவருடையது எதிலிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வெளிநாடு போகிற நம்மாட்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதிதான். நம்ம ஊர் வழக்கத்துக்கு ஆயிரம் காரணம் சொல்வோம், அடுத்தவன் வழக்கத்தை அவன் புத்திகெட்டுப்போய் வைத்துக்கொண்டது என்று நினைப்போம்.

வழி கண்டுபிடித்தவன் பேச்சிமுத்து. “அண்ணாச்சி, என் நாக்கு ஒமக்கு, ஒம்ம கை எனக்கு. நான் ருசி பாத்துச் சொல்லுதேன். சீஃபுக்குச் சமையல்காரன் தின்னான்னு ஆச்சு. ஊருக்குப் போயி நாம ரெண்டு பேருமே வாயில வைக்கலன்னு சொல்லிக்கிடுவோம்.”

நானும் சம்மதித்தேன். இதற்குத்தான் என்னை நானே இன்றைக்கும் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இன்னொருவனை நக்க விட்டுவிட்டு நான் சுத்தம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். உப்பும் ஒழுங்காயிற்று. சீஃப் ஓரக்கண்ணால் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

பிறகு அந்த வெயில் காலம். முந்தின நாள் வேகவைத்த பருப்பைக் குளிர் அறையில் வைத்திருந்தோம். இடையில் கரண்ட் போய் வந்திருக்கிறது, எங்களில் யாருக்கும் தெரியாது. காலையில் அதைக் கரைத்துச் சாம்பார் கூட்டினேன். பேச்சிமுத்துவுக்கு இரண்டு நாளாகச் சளி. ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “நல்லாருக்கு அண்ணாச்சி” என்றான். அண்டாக்களை லாரியில் ஏற்றினார்கள்.

முன்னமே, தாளித்துக் கொட்டும்போதே எனக்கு ஒன்று இடித்திருந்தது. நுரை அடங்கவில்லை. பொடிப்பொடியாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது. வாசனையும் தானாக வந்தது, பெருங்காயத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு வந்தது. ஆனாலும் மூடி போட்டேன். லாரி கிளம்பிவிட்டது. நான் பேச்சிமுத்துவைப் பிடித்தேன்.

“ஏலே, நெசத்தச் சொல்லு. ருசி தெரிஞ்சுதா?”

“சளில எனக்கு மொளகும் தெரியல, உப்பும் தெரியல. ஒம்ம கை தப்பாதுல்லா, அதான் நல்லாருக்குன்னேன்.”

வெயிலில் வேலை பார்க்கிற இருநூறு பேர். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இரண்டு மணி நேர மணல். நான் ஓடினேன். அந்த ஷூவோடு எப்படி ஓடினேனோ, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் லாரியின் முன்னால் நின்றுவிட்டேன். டிரைவர் கத்தினான். நான் பின்னால் ஏறி, முதல் அண்டாவின் மூடியைத் தள்ளினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகள் ஒவ்வொன்றும் கண்ணில் வந்தது. ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தேன். புளித்துப்போயிருந்தது. புளியின் புளிப்பு அல்ல, நாக்கில் சுருக்கென்று ஏறுகிற கெட்ட புளிப்பு.

“எறக்குலே எல்லாத்தையும்” என்றேன்.

சீஃப் ஓடி வந்தார், வாயில் வைத்தார், துப்பினார். தானே ஒரு அண்டாவைப் பிடித்து இறக்கினார். ரவையைக் கொட்டி உப்புமா கிண்டி அனுப்பினோம். லேட்டாக வந்த உப்புமாவுக்காக இருநூறு பேரும் என் பரம்பரையையே திட்டினார்கள். திட்டுகிற தெம்போடு இருந்தார்களே, அது போதும்.

அன்று மத்தியானம் சீஃப் தன் பெரிய தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய ஊரில் நாலு பேர் ஒரே தட்டில் கையை விட்டுச் சாப்பிடுவார்கள். எச்சில் என்று என் கை ஒரு நிமிசம் நின்றது. பிறகு சாப்பிட்டேன். அதற்கப்புறம் ஆறு வருசம் அங்கே இருந்தேன், ஒரு பாத்திரம்கூட என் நாக்குப் படாமல் வெளியே போகவில்லை.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தபோது ஊருக்கு வந்தேன். பெரியவர் அதற்குள் தவறிவிட்டார். கேட்பதற்கு ஆள் இல்லை என்று துக்கமா, நிம்மதியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேச்சிமுத்து எனக்கு ஒரு வருசம் முன்பே வந்துவிட்டான். நெற்றி நிறைய நாமம். கோயில் வாசலில் பார்த்தேன், அத்தர் வாசனை அடித்தது. அரபு நாடு போய் வந்த சமையல்காரர்கள் இன்னும் மூன்று நாலு பேர் ஊரில் இருந்தார்கள். ஒருவன் பாக்கியில்லாமல் அங்கே உப்புப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். அங்கே சோறு எப்படித்தான் வெந்ததோ.

மாட வீதியில் நான் முன்னால் நிறைய வேலை பார்த்த வீடு ஒன்று. மூன்று பெண்கள், மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டுவிட்டார். ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“தப்பா நெனைக்காதேயும். அங்கன உப்புப் பாத்தீரா?”

“பாத்தேன் அய்யா.”

அவர் முகம் மாறியது. எனக்கு வழிவிட நினைத்தார், நல்ல மனிதர்தான். “தெரியாம ஒண்ணு ரெண்டு தடவ...”

“தெனமும் பாத்தேன். எரநூறு பேரு உசுரு. இங்கன வந்தா இங்கத்த கட்டுப்படிதான் செய்வேன், படைக்கிறதுக்கு முன்னால வாயில வைக்க மாட்டேன். ஆனா அங்கன பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

அவர் உள்ளே திரும்பி, “இவியளுக்குக் காப்பி குடுங்க” என்றார். காப்பி வந்தது. குடித்தேன். கல்யாணப் பேச்சு அதோடு போயிற்று. நான் தெரு முனை திரும்புவதற்குள் பேச்சிமுத்துவுக்கு ஆள் போயிருக்கும். ஒரு மாதத்தில் மற்ற வீடுகளும் மூடிக்கொண்டன. ராஜபாளையத்தில் ஒரு மில் கேன்டீனில் சேர்ந்தேன். மூன்று ஷிப்ட், மூன்று அண்டா, மூன்று தரம் உப்புப் பார்ப்பேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

வெளிநாட்டில் இருப்பது கஷ்டம் என்று உங்களிடம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். வெயில், மணல், தனிமை என்று பட்டியல் போடுவார்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். போய்விட்டு வந்து, அங்கே எப்படி இருந்தாய் என்று கேட்கிறவர்கள் முன்னால் உட்காருவது இருக்கிறதே, அதற்கு எந்த ஏஜென்டும் டிரெயினிங் கொடுப்பதில்லை.

இரண்டு வருசம் கழித்து அதே வீட்டில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்தார்கள், போனேன். பந்திக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. சாம்பார் வரவில்லை. வீட்டுக்காரர் வந்து என் தோளைத் தொட்டார்.

“செத்த இப்படி வாரும்.”

அடுக்களைக் கதவோரம் பேச்சிமுத்து வியர்த்துப்போய் நின்றான். வீட்டுக்காரர் குசுகுசுத்தார். “படையல் முடிஞ்சு ஒரு வாய் வச்சேன், கரிக்குது. எம்புட்டுக் கூடன்னு இவனுக்குச் சொல்லத் தெரியல. மாப்பிள்ள வீட்டுக்காரவிய மூணு பேரு இங்கனயே உக்காந்திருக்காவ. அவிய முன்னால இவன் வாயில வச்சா, ருசி பாத்துப் பழகினவன்னு தெரிஞ்சு சத்தியமெல்லாம் பொய்யின்னு ஆயிரும். நீரு மாட்டுத் தொழுவுக்கு வாரும். ஒரு கிண்ணத்துல கொண்டாரேன், யாருக்கும் தெரியாமப் பாத்துச் சொல்லும்.”

பேச்சிமுத்துவைப் பார்த்தேன். வருசக்கணக்காக நாக்கை நம்பிய கை, கணக்கை மறந்துவிட்டது. நாக்கில் வைக்கவோ சத்தியம் விடவில்லை. என் கையும் அந்த நிலையில்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்குச் சத்தியம் இல்லை.

“படைச்சாச்சுல்லா அய்யா?”

“ஆச்சு.”

“பொறவு அது பிரசாதம். பிரசாதத்த மாட்டுத் தொழுவுல ஒளிஞ்சு திங்கச் சொல்லுதீரே, இது எந்த ஊரு ஆசாரம்?”

நேராக அடுக்களைக்குள் போய், மாப்பிள்ளை வீட்டு மூன்று பேர் பார்க்க, உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தேன். உப்புக் கூட என்று சத்தமாகச் சொன்னேன். அந்த மூன்று பேரில் மூத்தவர், “நானும் படையல் சோத்துலயே கவனிச்சேன். எப்படிச் சொல்லன்னு பேசாம இருந்தேன்” என்றார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

உப்பில்லாமல் பருப்பு வேகவைத்து, புளியை நீர்க்கக் கரைத்து, தேங்காய் அரைத்து விட்டு, இரண்டு அண்டாவாகப் பிரித்தேன். பிரித்ததையும் எல்லார் முன்னாலும் ருசி பார்த்தேன். முக்கால் மணி நேரம் தாமதம், மேளக்காரர் வாசித்தே சமாளித்தார். சாப்பாடு நன்றாகவே நடந்தது.

கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். “மூணாமத்தவ இருக்கா. நீரு வரணும்.”

“வாரேன். ஆனா யாரு கேட்டாலும் அங்கன பாத்தேன்னுதான் சொல்லுவேன்.”

“அது... பாத்துக்கிடலாம்” என்றார்.

மூன்றாவது பெண் கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்தது. முதல் பந்தியில், மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார வைத்தார்கள். சமையல் பேச்சிமுத்து. போன தடவை வாங்கிய அடியில் பயந்துபோய் உப்பே போடாமல் விட்டிருந்தான். என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள், பிரமாதம், பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் இலையோரத்தில் வைத்திருந்த உப்பைத் தொட்டுக்கொண்டேன்.